ஒரு கொம்பனியின் கணனி வலையமைப்பைக் கணக்கெடுத்தல்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், இளையோர் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் ரெலிபோன் எடுத்து, "கணனியைப் பற்றி ஏதாவது கதையுங்கோ. பிள்ளையளுக்குப் பிரயோசனமாக இருக்கவேணும், பெரியாக்களுக்கும் விளங்கவேணும்" எண்டு கேட்டார். இரண்டையும் ஒரே உரையில் செய்வது லேசான காரியமில்லை. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விடயத்தையே எடுத்துக்கொண்டேன். ஒரு கொம்பனிக்குள் ஓடுகிற கணனி வலையமைப்பில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் படமாகக் கீறி, இரவு பகலாக அதன் நாடியைப் பிடித்துப் பார்க்க ஒரு மென்பொருள் எப்படிக் கட்டுவது என்பதே அது. நான் ஆர்காவ் மாநிலத்தில், இயந்திரப் பாகங்கள் செய்யும் ஒரு கொம்பனியில் அப்படியொன்றைக் கட்டினேன். கொம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை.

"இதென்ன பெரிய விசயம், தங்கட கொம்பனியில என்ன கணனி இருக்குது எண்டு அவையளுக்குத் தெரியாதோ?" என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது என்பதுதான் உண்மை. பத்துப் பதினைந்து வருடமாக ஒவ்வொருவரும் தங்கட தேவைக்கு ஒவ்வொன்றைக் கொண்டுவந்து கொழுவியிருப்பார்கள். ஒரு பிறின்ரர், ஒரு கமரா, கன்ரீனில் ஒரு கோப்பி மெசின், கடைசல் இயந்திரத்தை ஓட்டுகிற ஒரு பழைய விண்டோஸ் கணனி. கொழுவியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். ஒரு நாள் எல்லாம் நின்றுபோகும். அப்போதுதான் தேடுவார்கள், எந்த வயர் எங்கே போகிறதென்று.

இந்த வேலைக்குச் சுவிசில் ஒரு முன்னோடி இருக்கிறார். எங்கட பிள்ளையள் அவரைத் தெரிந்திருக்கவேண்டும். பெயர் தொபியாஸ் ஓற்றிக்கர். ஊர், நாங்களெல்லாம் ரயில் மாறுகிற ஒல்ரன். 1994இல் அவர் இங்கிலாந்தில், லெஸ்ரர் நகரத்து டி மொன்ற்போட் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். (லெஸ்ரர் என்றதும் சபையில் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து இருக்கிறது தெரியுது, உங்கட சொந்தக்காரர் அங்கே இருக்கினம் போல.) அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணனிகள். வெளியுலகத்துக்குப் போக ஒரேயொரு 64 கிலோபிற் இணைப்பு. பின்னர் எங்கட வீடுகளுக்கு வந்த ஐ.எஸ்.டி.என். ரெலிபோனில் ஒரு கால்வாய்க்கு என்ன அளவோ, அவ்வளவுதான். ஆயிரம் பேருக்கு ஒரு ஒழுங்கை. எந்த நேரமும் "இன்ரநெற் ஏன் இப்பிடி ஊருது?" என்ற கேள்விதான்.

அவர் ஒரு சின்ன வேலை செய்தார். அந்த ஒழுங்கையில் எவ்வளவு போகுது, எவ்வளவு வருகுது என்பதை ஓயாமல் கேட்டு, அதை ஒரு கோட்டுப் படமாகக் கீறி, வெப் பக்கமொன்றில் போட்டார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெப் என்பதே அப்போது குழந்தைப் பிள்ளை. ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள சேர்ண் ஆய்வுகூடம் அதை உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டது 1993 ஏப்ரல் 30ஆம் திகதிதான். படத்தைப் பார்த்தவுடன் சண்டை குறைந்தது. "ஊருது" என்று சொல்வதும், "பத்து மணியிலிருந்து நாலு மணி வரை ஒழுங்கை நிறைஞ்சு கிடக்குது" என்று சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதைக் கொண்டுபோய்க் காசு கேட்கலாம்.

1995இல் அந்த மென்பொருளை எம்.ஆர்.ரி.ஜி. என்ற பெயரில் வெளியே விட்டார். பேர்ள் என்ற மொழியில் எழுதியது, சரியான மந்தம். 1996 ஜனவரியில் டேவ் றாண்ட் என்பவர், முன்பின் தெரியாத மனிதர், "ஏன் இது இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?" என்று மின்னஞ்சல் போட்டுக் கேட்டார். ஓற்றிக்கர் சில யோசனைகள் சொன்னார். ஒரு கிழமையளவில் பதில் வந்தது: சொன்னதைச் செய்து பார்த்தேன், பெரிதாகப் பிரயோசனமில்லை, அதனால் நேரம் பிடிக்கிற பகுதியை சி மொழியில் நானே எழுதிவிட்டேன், இத்துடன் இணைத்திருக்கிறேன் என்று. அது 40 மடங்கு வேகமாக ஓடியது! பிறகு சுவிஸ் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பை நடத்துகிற 'சுவிற்ச்' நிறுவனத்தில் வேலை செய்த சைமன் லைனன், கருவிகளோடு பேசுகிற பகுதியைப் பேர்ளிலேயே எழுதிக் கொடுத்தார். அதனால் எந்தக் கணனியிலும் ஓடக்கூடியதாக வந்தது. ஓற்றிக்கர் சூரிச் ஈ.ரி.எச். இல் வேலை செய்துகொண்டே அதை வளர்த்தார். விலை இல்லை, மூல எழுத்தும் திறந்தபடி. உலகத்தின் பாதிக் கொம்பனிகள் என்று நான் கணக்குச் சொல்லமாட்டேன், ஆனால் அந்தக் காலத்தில் வலையமைப்பு வேலை செய்த எவரைக் கேட்டாலும் பச்சைத் திட்டும் நீலக் கோடுமாக இருக்கும் அந்தப் படத்தை ஞாபகம் வைத்திருப்பார்.

இனி, அது எப்படி வேலை செய்கிறது? வீட்டுக் கரன்ற் மீற்றரை நினைத்துக்கொள்ளுங்கோ. மீற்றர் "இப்ப எவ்வளவு எரியுது" என்று சொல்லாது. பொருத்திய நாளிலிருந்து மொத்தம் எவ்வளவு என்றுதான் சொல்லும். மீற்றர் வாசிக்க வருகிறவர் போன மாதத்து எண்ணை இந்த மாதத்து எண்ணிலிருந்து கழிக்கிறார். வலையமைப்புக் கருவிகளும் அப்படித்தான். சுவிற்ச், றவுற்றர் என்று நாங்கள் சொல்லுகிற பெட்டிகளின் ஒவ்வொரு வாயிலிலும் ஒரு எண்ணி இருக்கிறது. எத்தனை பைற் உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு வாங்குகிற பாஷைக்கு எஸ்.என்.எம்.பி. என்று பெயர், 1988இல் வந்தது. எம்.ஆர்.ரி.ஜி. 5 நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டு, கழித்து, நேரத்தால் பிரித்து, ஒரு புள்ளி போடும். ஒரு நாளைக்கு 288 புள்ளி.

இதிலே ஒரு கள்ளம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஓடின ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களை நினைவிருக்கும். மைல் மானி 99999 வந்தால் அடுத்தது 00000. எங்கட எண்ணிக்கும் அதே வருத்தம். பழைய எண்ணி 32 பிற்; 4,294,967,295 வரை எண்ணிவிட்டு மறுபடி சைபருக்கு வரும். லெஸ்ரரின் 64 கிலோபிற் ஒழுங்கை முழுதாக நிறைந்து ஓடினாலும் அந்த எண்ணி சுற்றிவர ஆறு நாளுக்கு மேல் எடுக்கும். 100 மெகாபிற் என்றால் 343 செக்கன், 5 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. இன்றைக்குச் சாதாரணமாக இருக்கிற 1 கிகாபிற் இணைப்பில் 34 செக்கன்தான்! 5 நிமிடத்துக்கு ஒருதரம் போய்க் கேட்டால் இடையில் எத்தனை தரம் சுற்றியது என்று ஒருவருக்கும் தெரியாது. படம் வடிவாக வரும், ஆனால் பொய். ஆகவே 64 பிற் எண்ணியைத்தான் கேட்டு வாங்கவேண்டும். தம்பிமார், இதைக் குறித்து வையுங்கோ.

இன்னொரு கெட்டித்தனமும் இருக்கிறது. எல்லாப் புள்ளியையும் சேர்த்து வைத்தால் கணனி நிறைந்துவிடும். சூத்திரக் கிணற்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சக்கரத்தில் கட்டிய வாளிகள் இத்தனைதான்; ஊற்றிய வாளியே திரும்பக் கீழே போய் நிறைந்து வரும். அதுபோலப் புதிய 5 நிமிடக் கணக்கு இரண்டு நாளளவுக்கு மட்டும் இருக்கும். அதற்கு முந்தியது அரைமணிச் சராசரியாகச் சுருங்கும். பிறகு இரண்டுமணிச் சராசரி. இரண்டு வருடம் வரை நாள்ச் சராசரி. இடம் ஒருபோதும் கூடாது. இந்த யோசனையைத் தனியாக எடுத்து, 1999இல் ஆர்.ஆர்.டி.ரூல் என்று இன்னொரு மென்பொருளாக அவரே வெளியிட்டார். வேறு எத்தனையோ மென்பொருட்கள் அதன் தலையில்தான் நின்றன.

அளப்பது அவ்வளவுதான். வரைவதுதான் கரைச்சல்.

ஊரில் விதானையார் வீடுவீடாகப் போய்ப் பதிகிற மாதிரி, முதலில் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்க்கவேண்டும். ஒரு சாதாரணக் கொம்பனி வலையில் ஒரு பிரிவுக்கு 254 முகவரி. "ஆள் இருக்கோ?" என்று கேட்கிற கட்டளைக்கு பிங் என்று பெயர், மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசெம்பரில் எழுதியது. ஆனால் இன்றைக்குப் பல கணனிகள் பிங்குக்கு வாய் திறக்காது. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும். அதற்கு அடுத்த வழி ஏ.ஆர்.பி. ஒரே பிரிவுக்குள் இருக்கிற இரண்டு கணனி பேசவேண்டுமென்றால், முதலில் "இந்த முகவரி ஆருடையது?" என்று சத்தம்போட்டுக் கேட்கவேண்டும், உரியவர் "என்னுடையது" என்று சொல்லியே ஆகவேண்டும். இதுக்குப் பதில் சொல்லாவிட்டால் அவருக்கு ஒருவரோடும் பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே பிங்குக்கு ஒளித்தவர் இங்கே பிடிபடுவார்.

பதிலில் ஒரு 48 பிற் எண் வரும். அதன் முதற்பாதி எந்தக் கொம்பனி செய்த கருவி என்பதைச் சொல்லும். பிறின்ரரோ கமராவோ என்று அதை வைத்து ஊகிக்கலாம். கைத்தொலைபேசிகளில் மட்டும் இது இப்போது சரிவராது. 2019, 2020 அளவிலிருந்து அவை இடத்துக்கிடம் புனைபெயர் வைத்துக்கொள்கின்றன. நல்ல காரியம்தான், ஏனென்று பிறகு சொல்கிறேன்.

ஆர் இருக்கினம் என்று தெரிந்தாயிற்று. எங்கே இருக்கினம்? அதற்குச் சுவிற்ச் பெட்டிகளிடம் போய், "உன்ர எந்த வாயிலால எந்த எண் வருகுது?" என்று கேட்கவேண்டும். அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும். ஒரு வாயிலில் ஒரு எண் என்றால், அங்கே ஒரு கணனி. ஒரு வாயிலில் நாற்பது எண் என்றால், அதற்குப் பின்னால் இன்னொரு சுவிற்ச். பெரிய பெட்டிகள் "எனக்குப் பக்கத்தில இருக்கிறவர் இவர்" என்று தாங்களாகவே சொல்லும்; அதற்கு 2005இல் எல்.எல்.டி.பி. என்ற பொதுமுறை வந்தது. சின்னப் பெட்டிகள் ஊமை. அவற்றைக் கணக்கால்தான் பிடிக்கவேண்டும்.

எங்கட கொம்பனியில் படம் முதன்முதல் திரையில் வந்தபோது, கணக்கியல் பகுதி அறையொன்றில் ஒரே வாயிலில் ஐந்து எண் தெரிந்தது. சுவரில் ஒரு துவாரம்தான். போய் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தால், தூசி பிடித்த சின்னச் சுவிற்ச் ஒன்று. யார் வாங்கியது, எப்போது வைத்தது, ஒருவருக்கும் தெரியாது. அதற்குச் சில மாதங்களுக்கு முந்தி ஒரு திங்கட்கிழமை காலை கொம்பனி முழுவதும் அரை நாள் நின்றது. துப்புரவுக்கு மேசையை இழுத்தவர்கள், கழன்று கிடந்த வயர் நுனியை நல்லெண்ணத்தில் ஒரு துவாரத்தில் செருகிவிட்டார்கள். மற்ற நுனியும் அதே பெட்டியில். சத்தம்போட்டுக் கேட்கிற செய்தி ஒன்று உள்ளே போய், சுற்றிச் சுற்றிப் பெருகி, முழு வலையையும் மூச்சுத்திணற வைத்துவிட்டது. அன்றைக்கு துப்புரவுத் தொழிலாளர் மேல்தான் எல்லோரும் பாய்ந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் எங்கட ஆள். நானும் சுவிசுக்கு வந்த புதிதில் கந்தோர் கழுவியவன். ஒரு வயரால் முழுக் கொம்பனியும் விழுமென்றால் பிழை வயரைச் செருகியவருடையதல்ல, இப்படியொரு பெட்டி இருப்பதையே அறியாமல் இருந்தவர்களுடையது என்பதை, படத்தைக் காட்டித்தான் என்னால் சொல்லமுடிந்தது. வாயால் சொன்னால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். சுவிற்ச்களில் இப்படிச் சுற்றை அறுக்கிற வசதி இருக்கிறது. அதை அன்றே போட்டுவிட்டோம்.

எச்சரிக்கை மணி பற்றியும் ஒரு சொல். மேலே உள்ள ஒரு சுவிற்ச் விழுந்தால் அதற்குக் கீழே உள்ள அறுபது கருவியும் மௌனமாகும். மென்பொருள் மொக்கென்றால் அறுபத்தொரு மின்னஞ்சல் அனுப்பும். மூன்றாம் நாள் ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள். படம் கையில் இருந்தால், ஆர் ஆருக்குப் பின்னால் என்பது தெரியும். "மேல்மாடிச் சுவிற்ச் விழுந்துவிட்டது" என்று ஒரே ஒரு செய்தி போதும். அதுவும் ஒருதரம் பதில் வராததற்காக அல்ல, மூன்று தரம் கேட்டுப் பார்த்த பிறகு. அளப்பதும் வரைவதும் இரண்டு வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். ஒன்றில்லாமல் மற்றது நொண்டி.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் பாரமான விடயம்.

படம் நன்றாக ஓடத் தொடங்கியதும் ஒரு பகுதிப் பொறுப்பாளர் என்னிடம் வந்தார். நல்ல மனிதர்தான். "ஒவ்வொருவரும் காலையில் எத்தனை மணிக்குக் கணனியைப் போடுகிறார்கள், மத்தியானம் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்று இதில் ஒரு பட்டியல் எடுக்கலாமோ?" என்று கேட்டார். எடுக்கலாம். பத்து வரி எழுதினால் போதும். அதுதான் பயம்.

எங்களுக்குப் பட்டியல் என்றால் என்னவென்று தெரியும். கொழும்பில் லொட்ஜில் நின்றவர்கள், பொலிசில் பதிந்த துண்டோடு இரவில் கதவு தட்டுப்படும் என்று முழித்திருந்ததை மறக்கமாட்டார்கள். சுற்றிவளைப்பில் வரிசையாக விட்டு, சாக்கு மூடிய தலையாட்டிக்கு முன்னால் நடக்கவிட்டதையும் இந்தச் சபையில் பல பேர் அனுபவித்திருக்கிறீர்கள். கந்தோர் மணிக்கணக்கையும் அதையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் கணக்கெடுக்கிறவன் எதற்காக எடுக்கிறான், எடுத்தது பிறகு ஆர் கைக்குப் போகும் என்ற கேள்வி எனக்கு அங்கிருந்துதான் வந்தது. அது என்னை விட்டுப் போகாது.

அன்றைக்கு எனக்குச் சட்டம் கைகொடுத்தது. சுவிஸ் வேலைச் சட்டத்தின் 3ஆம் ஒழுங்குவிதி, 26ஆம் பிரிவு: வேலையாட்களின் நடத்தையைக் கண்காணிப்பதற்கான ஏற்பாடுகளை வேலைத்தலத்தில் பாவிக்கக்கூடாது. வேறு காரணத்துக்காகத் தேவையென்றால், ஆட்களின் சுகத்தையும் நடமாடும் சுதந்திரத்தையும் பாதிக்காத விதமாக அமைக்கவேண்டும். அதற்கு மேல் 2023 செப்ரெம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்திய தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. நிரந்தர வதிவிட அனுமதிக்குக் காத்திருக்கிற வெளிநாட்டுக்காரன் மேலதிகாரிக்கு 'ஏலாது' என்று சொல்வது லேசில்லை. அது உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான் 'ஏலாது' என்று சொல்லவில்லை. அந்தப் பிரிவை அச்செடுத்து, "இதை நிர்வாகம் எழுத்தில் தரட்டும், செய்கிறேன்" என்றேன். எழுத்து வரவில்லை.

பிறகு மென்பொருளையே மாற்றினேன். ஆட்களின் மேசைக் கணனிகளுக்குப் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். சேர்வர், சுவிற்ச், இயந்திரங்களுக்கு மட்டும் மணி அடிக்கும். மேசைக் கணனிகளின் விபரம் சூத்திரக் கிணற்றுக்குள் போய் இரண்டு நாளில் மொத்தத் தொகையோடு கரைந்துவிடும். பிறகு ஆர் வந்து கேட்டாலும் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்காது. தொலைபேசிகள் புனைபெயர் வைப்பது நல்லதென்று முன்னர் சொன்னது இதனால்தான்.

உரை முடிந்த பின்னர் சபையிலிருந்து வந்த கேள்விகளில் மூன்றைச் சேர்க்கும்படி மலர்க்குழுவினர் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு தாயார் கேட்டது: "தம்பி, என்ர மகன் ராவிராவா அறைக்குள்ள என்ன பாக்கிறான் எண்டு இதால அறியலாமோ?" அக்கா, எவ்வளவு என்று சொல்லும், என்னவென்று சொல்லாது. கரன்ற் மீற்றர் சமைச்சது புட்டோ இடியப்பமோ என்று சொல்லுமோ? இப்போது பெரும்பாலான வெப் பக்கங்கள் பூட்டிய உறையில்தான் வருகின்றன.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர், பாடசாலை வலையமைப்பில் இதைச் செய்து பார்க்கலாமோ என்று கேட்டார். உத்தரவில்லாமல் செய்யவேண்டாம், பிள்ளை. பாதுகாக்கப்பட்ட பிறர் கணனிக்குள் அத்துமீறி நுழைவது குற்றவியல் சட்டம் 143ஆம் பிரிவின் 'பிஸ்' உட்பிரிவில் வருகிறது. மூன்று வருடம் வரை சிறை அல்லது தண்டம். தட்டிப் பார்த்தது மட்டும்தான் என்று நீங்கள் சொல்லலாம், பாடசாலை அப்படிப் பார்க்காது. முதலில் கணனிப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கோ. ஷ்னுப்பர்லேர போகிற இடத்திலும் கேட்டுப் பாருங்கோ. இன்பொமாற்றிக்கர் தொழிற்பயிற்சி 4 வருடம். கேட்கத் தெரிந்த பிள்ளையை அவர்களுக்குப் பிடிக்கும்.

மூன்றாவது கேள்வி, தொழிற்பயிற்சி முதல் வருடத்தில் இருக்கும் ஒரு தம்பியுடையது: எதிலிருந்து தொடங்குவது? நான் எழுதியது பைதன் மொழியில், இரண்டாயிரம் வரிக்குக் கிட்ட. நீங்கள் முதலில் வீட்டு வலையில், அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஏ.ஆர்.பி. பட்டியலை எடுத்து ஒவ்வொரு எண்ணும் எந்தக் கருவி என்று கண்டுபிடியுங்கோ. ரெலிவிசன், பிறின்ரர், தங்கச்சியின் ரப்லெற், எல்லாம் வரும். பிறகு பழைய சுவிற்ச் ஒன்று ரிக்காடோவில் மலிவாக வாங்கலாம். வாங்க முன்னம் அது எஸ்.என்.எம்.பி. பேசுமோ என்று விபரக்கொத்தைப் பாருங்கோ; ஊமைப் பெட்டியை வாங்கினால் கேட்க ஒன்றுமில்லை. பேசுகிற பெட்டியென்றால் 'பப்ளிக்' என்ற பொதுக் கடவுச்சொல் அதில் இன்னும் இருக்கக்கூடும், முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கோ.